முடி கொட்டாத கேன்சர்

எனக்குக் கேன்சர் வந்தது மலக்குடலில். அந்தச் சொல்லை வெளியே சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. ஃபோனில் விசாரித்தவர்களிடமெல்லாம் என் கணவர், "வயித்துல ஒரு சின்னப் பிரச்சினை" என்றார். அவருடைய தங்கை அதைக் கர்ப்பப்பை என்று எடுத்துக்கொண்டு, சபையில் அப்படியே ஜெபக் குறிப்புக் கொடுத்துவிட்டாள். ஒரு குறையும் இல்லாத என் கர்ப்பப்பைக்காகப் பூதப்பாண்டியில் ஒரு சபையே உருகி உருகி ஜெபித்தது. நோய் வந்த உறுப்புக்கு யாரும் ஜெபிக்கவில்லை.

முதலில் கதிர்வீச்சு. வலிக்கவே வலிக்காது என்றார்கள். வைக்கும்போது வலிக்கவில்லைதான். சில வாரம் போனதும் உட்காரும் இடத்துத் தோல் கறுத்து உரிந்தது. வெந்நீர் நிரப்பிய பேசினில் உட்கார்ந்துகொண்டு பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தினேன். அந்த முறை என் மாணவிகளுக்கு மதிப்பெண் கொஞ்சம் குறைவாகத்தான் விழுந்தது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கணவரே சரியாகப் பார்க்காத இடத்தை, நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். அதில் ஒருவன் டியூஷனில் என்னிடம் கணக்குப் படித்தவன். முகம் சிவந்து, "டீச்சர், மன்னிக்கணும்" என்றான்.

"பாத்துக்க மக்கா. கணக்கைத்தான் நீ கவனிக்கல்ல, இதையாவது ஒழுங்கா கவனி."

அடுத்தது ஆபரேஷன். பின்வழியை அடியோடு வெட்டியெடுத்து, அந்த இடத்தைத் தைத்து மூடிவிட்டு, வயிற்றின் இடப்பக்கம் ஒரு துளை போட்டுக் குடலின் நுனியை வெளியே எடுத்து வைத்தார்கள். ரோஜா மொட்டு மாதிரி இருக்கும் என்று நர்ஸ் ஆறுதல் சொன்னாள். எனக்கு நசுங்கின தக்காளி மாதிரித்தான் தெரிந்தது. அதன் மேல் ஒரு பை ஒட்டிக்கொள்ள வேண்டும். இனி எல்லாம் அதில்தான், ஆயுசு முழுக்க.

ஆசனவாய் எவ்வளவு மரியாதை தெரிந்த உறுப்பு என்பது அது போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆள் பார்த்து, இடம் பார்த்து அடங்கியிருந்தது. புதிய வாய்க்கு அந்த வளர்ப்பு இல்லை. நினைத்த நேரத்தில் சத்தம் போடும். அடக்கச் சொன்னால் கேட்காது.

பிறகு கீமோ. எனக்குக் கொடுத்த மருந்துக்குக் குளிர் ஆகாது. ஃபிரிட்ஜைத் திறந்து பால் பாக்கெட்டை எடுத்தால் விரலில் கரண்ட் அடிக்கும். குழாய்த் தண்ணீர் குடித்தால் தொண்டையில் கண்ணாடித் தூள் இறங்கும். ஆனால் முடி மட்டும் கொட்டவில்லை. சீப்பில் கொஞ்சம் கூடுதலாக வரும், அவ்வளவுதான். கூடக் கொடுத்த மாத்திரையால் முகம் வேறு உப்பிக் கன்னம் வைத்துவிட்டது. ஆரஞ்சுப் பழத்தோடு அழ வந்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

கணவரின் தங்கை என் பின்னலை எடுத்துப் பார்த்தாள். "மைனி, முடி அப்பிடியே கெடக்கு?"

"இந்த மருந்துக்கு அவ்வளவா கொட்டாதாம்."

"அப்ப கொஞ்சம் நல்ல மருந்தா கேட்டிருக்கலாமே."

கீமோ முடிந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனேன். பெஞ்சில் உட்கார முடியாது என்பதால் கடைசியில் குஷன் வைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன்; கணவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சபைக் கமிட்டியில் இருப்பவர். சட்டையின் மேல் பட்டனைக்கூடப் போட்டுத்தான் வெளியே வருவார். போதகர் எல்லாரையும் கண்ணை மூடி மௌனமாக ஜெபிக்கச் சொன்னார். ஃபேன் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. அப்போதுதான் என் வயிறு பேசியது. சின்னதாக ஆரம்பித்து, நீண்டு, மேலே ஏறி, ஏதோ கேள்வி கேட்பதுபோல முடிந்தது.

முன்வரிசையில் தலைகள் திரும்பின. நான் சேலைத் தலைப்போடு பையை இறுக்கிப் பிடித்தேன். செத்தே போயிருக்கலாம் என்று அந்த நோய்க்காலம் முழுவதிலும் நான் நினைத்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

என் கணவர் எழுந்து நின்றார். "மன்னிக்கணும்," என்றார். "காலையில மரச்சீனிக்கெழங்கு கொஞ்சம் கூடிப்போச்சு."

போதகர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக ஆமென் சொன்னார். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பெரியவர்கள் என் கணவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் ஓமத்தண்ணீர் சொன்னார், இன்னொருவர் சுக்கு. இந்த வயதில் கிழங்கே கூடாது என்றார் மூன்றாமவர். எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

ஸ்கூட்டரில் வரும்போது கேட்டேன். "எதுக்கு அப்பிடிச் சொன்னிய?"

"பின்ன, ஒனக்க பைன்னு சொல்லவா? அப்பொறம் எல்லாத்தையும் வெளக்கணும். எனக்கு வெக்கமா இருக்கும்."

"இது வெக்கமா இல்லியா?"

"இது சாதாரணம்லா. எல்லாரும் விடுகதுதான."

வயல் ஓரம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். சிரிப்பு அடக்க முடியாமல் வந்து, தையல் போட்ட இடமெல்லாம் இழுத்தது. சிரித்துக்கொண்டிருந்தது எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. நோய் வந்த பிறகு நான் அழுதது அன்றுதான். அவர் ரோட்டைப் பார்த்தபடி நின்று, கடைசியில், "போலாமா?" என்றார்.

மறுபடி பள்ளிக்கூடம் போகிறேன். இதுவரை ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. விரல் நுனியில் மரப்பு போகவில்லை; சாக்பீஸ் நழுவி விழுந்தாலும் எனக்குத் தெரிவதில்லை. காலையில் ஜாக்கெட் ஊக்கை அவர்தான் மாட்டிவிடுகிறார், கோணல்மாணலாக.

போன பரீட்சையன்று ஹாலில் நடந்துகொண்டிருந்தபோது வயிறு சத்தம் போட்டது. பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"டீச்சருக்குக் குடல்ல ஆபரேஷன் பண்ணி, வயித்துல ஒரு பை வச்சிருக்கு," என்றேன். "அது இப்பிடித்தான் சத்தம் போடும். நீங்க எழுதுங்க."

எழுதினார்கள். ஒருத்தி மட்டும் கையைத் தூக்கி, ஏழாவது கேள்வியில் ஒரு எண் அச்சாகவே இல்லை என்றாள்.