இருபத்திரண்டு பேருக்கு ஒரு தாம்பாளம்

சித்தானா இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது கெய்ரோவின் அந்த மழலையர் பள்ளியில் காலை பத்து மணி. வியாழக்கிழமை. அன்று காலை அவள் கொடுத்தனுப்பியிருந்த சாப்பாட்டுத் தாம்பாளத்தைச் சுற்றிப் பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். போனில் பேசியது அவள் மகள் தசாபீஹ். ஆசிரியை நக்வா போனை வைத்துவிட்டு, சண்டையிட்ட இரண்டு பேரை விலக்கி உட்கார வைத்தாள். வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பத்து வருடங்களுக்கு முன் சூடானிலிருந்து வந்த சித்தானா, நான்கு வயது தசாபீஹைக் கொண்டுவந்து விட்டாள். இரண்டு வாரம் பார்ப்போம், ஒட்டவில்லையென்றால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று தலைமை ஆசிரியை இனாயத் கறாராகச் சொல்லியிருந்தார். எட்டு நாள் ஆயிற்று. எல்லோரும் அவரவர் டப்பாவைத் திறக்க, தசாபீஹ் மட்டும் திறக்கவில்லை. பேசவுமில்லை. நல்ல சாப்பாடாகக் கொடுத்தனுப்பும்படி நக்வா தாயிடம் சொன்னாள்.

மறுநாள் சித்தானா தலையில் தாம்பாளத்தோடு வந்து நின்றாள். நல்லெண்ணெய் மிதக்கும் ஃபூல் பயறு, வெங்காயம், பாலாடைக்கட்டி, மலைபோல ரொட்டி.

"என்ன உம்மு தசாபீஹ், கல்யாணமா?" என்று தசாபீஹின் அம்மாவைக் கேட்டார் இனாயத்.

"எங்க ஊர்ல பக்கத்துல இருக்கவங்களைக் கூப்பிடாம தின்னா வளர்ப்பு சரியில்லம்பாங்க, மதாம். எம்பொண்ணு எப்படித் தின்பா? அந்த டப்பா ஒருத்திக்குத்தானே காணும்."

ஃபூலில் நல்லெண்ணெயா, எகிப்துக்காரிக்கே ஃபூல் சொல்லித்தர வந்துவிட்டாளா என்று நக்வா முணுமுணுத்தாள். திருப்பி எடுத்துப்போகச் சொல்ல இனாயத் வாயெடுப்பதற்குள் இருபத்திரண்டு பிள்ளைகளும் தாம்பாளத்தைச் சூழ்ந்துவிட்டார்கள். அப்போதுதான் தசாபீஹின் குரலை எல்லோரும் முதன்முறையாகக் கேட்டார்கள்.

"ஏய், உன் முன்னாடி இருக்கறத மட்டும் எடு. அப்லா, நீங்களும் உக்காருங்க," என்று தலைமை ஆசிரியையையும் அழைத்தாள்.

"பேசமாட்டான்னு எழுதி வெச்சிருந்தேன். இவ எனக்கே வேலை சொல்லுவா போலிருக்கு," என்று சிரித்தபடி இனாயத் அந்தத் தாளைக் கிழித்தார். அன்றே இடம் உறுதியாயிற்று.

அதன்பின் வியாழன்தோறும் தாம்பாளம் வந்தது. நக்வா மூன்றாவது வாரமே தன் வீட்டு ஃபூலுக்கும் நல்லெண்ணெய்க்கு மாறிவிட்டாள்; வெளியே சொல்லவில்லை. புதிதாக வரும் சூடான் தாய்மார்களோடு சேர்க்கைக்குப் பேச வருவதும், அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சீருடை மேலங்கி தைத்துத் தருவதும் சித்தானாவின் வேலையாயிற்று.

செப்டம்பரில் சேரவிருக்கும் ஒன்பது பிள்ளைகளுக்கு அவள் மேலங்கி தைக்கத் தொடங்கியிருந்தாள். ஆறு முடிந்துவிட்டன. ஏழாவதற்கு ஒரு கைதான் வைத்திருக்கிறாள்.