கல்லாப்பெட்டிக்கு மேலே செரெங்கெட்டி

காலண்டர் ஆர்டர் பிடிக்கிறவனுக்கு வருசம் பிறப்பது தையிலும் இல்லை, சித்திரையிலும் இல்லை. ஆடிப்பெருக்கு அன்றைக்குச் சிவகாசியில் புது சாம்பிள் ஆல்பத்தைக் கையில் வாங்குகிறானே, அன்றைக்குத்தான். அதிலிருந்து மார்கழி வரைக்கும் அவனுக்கு ஊரும் கிடையாது, வீடும் கிடையாது. என்னைப் போல மொபெட்டில் ஆல்பத்தைக் கட்டிக்கொண்டு கரிசல்காட்டு வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கிய புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு சோடாவைக் குடித்துவிட்டு மேலே படியுங்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருசம், எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எத்தனை வருசத்துக்கு மொதலாளி முருகனையும் லட்சுமியையுமே போடுவீங்க? உலகத்துல பார்க்க வேண்டிய தேசியப் பூங்கா பன்னிரண்டை மாசத்துக்கு ஒண்ணாப் போடுங்க, நான் ஓட்டிக் காட்டுதேன்" என்று அச்சாபீஸ் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவரும் மெட்ராஸிலிருந்து படங்களை விலைக்கு வாங்கி அடித்துவிட்டார். அடித்துவிட்டு ஒரு கண்டிஷனும் போட்டார். ஆல்பம் ஓடாவிட்டால் தைக்குப் பிறகு எனக்கு லைன் கிடையாது, ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கப் போக முடியாது. அச்சாபீஸுக்குள் மேசை நாற்காலியில் உட்கார்ந்து பார்சல் கணக்குப் பார்க்க வேண்டும். மற்றவனுக்கு அது வேலை. எனக்கு அது ஜெயில். சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்கிற ஆள் நான். என் வீட்டுக்காரி சண்முகத்தாய் விசயத்தைக் கேட்டதும் சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். "ஓடணும்னு வேண்டிக்கிட்டியா?" என்றேன். "நீங்க ஒரு எடத்துல உக்காரணும்னு வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

முதல் தாளில் வந்து நின்றது

கடம்பூரில் பலசரக்குக் கடை சண்முகவேல் அண்ணாச்சிதான் எனக்கு எப்போதும் முதல் போணி. ஆல்பத்தை ஆசையாக வாங்கி முதல் தாளைத் திருப்பினார். திருப்பியவர், அதை அப்படியே கொண்டுபோய்க் கடைக்கு வெளியே படியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எட்டிப் பார்த்தால் ஜனவரித் தாளில் கலாபகஸ் தீவின் ராட்சத ஆமை கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. படம் நன்றாக இருக்கிறது என்று முதலாளியும் மெச்சினார், நானும் மெச்சினேன். வருசப் பிறப்பன்று ஆமையை வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறோம் என்று ரெண்டு மடையர்களுக்கும் உறைக்கவில்லை.

சமாளித்துப் பார்த்தேன். "அண்ணாச்சி, இது நூறு வருசத்துக்கு மேல உயிரோட இருக்கும். வெள்ளைக்காரன் பிளேன் ஏறி, கப்பல் ஏறி இதைப் பாக்கப் போறான்" என்றேன். "போறவன் பாத்துட்டு அங்கனயே விட்டுட்டுத்தானவே வாரான், வீட்டுக்காக் கூட்டியாரான்?" என்றார். படியில் கிடந்த ஆல்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் பாவமாகப் போயிற்றோ என்னவோ, பொரிகடலையை ஒரு கை அள்ளிக் கொடுத்துவிட்டு வழியையும் அவரே சொன்னார்: "ஜூலைக்கு மாத்தும்வே. ஆடியில எப்படியும் ஒரு நல்ல காரியமும் கெடையாது, ஆமை வந்தா வந்துட்டுப் போகட்டும்."

தண்ணீர் பீய்ச்சிய படம்

ஆமையை ஆடிக்கு அனுப்பி, கனடா நாட்டு பான்ஃப் பூங்காவின் பச்சை ஏரியை ஜனவரிக்குக் கொண்டுவந்து, திருத்திய ஆல்பத்தோடு விளாத்திகுளம் போனேன். அங்கே போர்வெல் மோட்டார்க் கடை. முதலாளி முத்தையா அண்ணாச்சி ஒவ்வொரு தாளாகத் தள்ளிக்கொண்டே வந்து, யெல்லோஸ்டோன் வந்ததும் நின்றுவிட்டார். அமெரிக்காவில் உள்ளது. உலகத்தின் முதல் தேசியப் பூங்கா அதுதான் என்பார்கள். பூமிக்குள்ளிருந்து தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கிற படம். "எத்தன அடியிலவே இப்படித் தண்ணி கெடச்சிருக்கு?" என்று கேட்டார்.

அவர் ஊரில் ஐந்நூறு அடி போட்டும் வெறும் புழுதி வருகிற காலம் அது. இது போர் இல்லை, தானாகவே பீய்ச்சுகிறது, கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடியும் பீய்ச்சும், ஜனங்கள் அதற்காகவே காத்துக் கிடந்து பார்ப்பார்கள் என்று விளக்கினேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. பன்னிரண்டு தாளும் வேண்டாம், இந்த ஒரே படத்தை அட்டையில் ஒட்டி அதற்குக் கீழே கடைப் பேரைப் பெரிசாகப் போட்டுத் தரச் சொன்னார். கடை போட்ட போர் என்று சனம் நினைத்துக்கொள்ளுமாம். எனக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணாச்சி, அது வெந்நி. கையை வச்சா வெந்து போயிரும்" என்றேன். நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "காலண்டர்ல எவன்வே கைய வச்சுப் பாக்கப் போறான்?"

ஓசியில் பார்க்கலாம்

திரும்பி வரும்போது மொபெட் பஞ்சர். அதை ஒரு கடையில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். மடியில் ஆல்பம். பக்கத்தில் இருந்த விவசாயி, முழங்காலில் இன்னும் மண் காயாத ஆள், கிராண்ட் கேன்யன் படத்தை எட்டிப் பார்த்து, "எந்தூருக் காடு இது?" என்றார். அமெரிக்கா என்றேன். ஆறு அறுத்து அறுத்து மைல் கணக்கில் இப்படிப் பிளந்து போயிருக்கிறது, வருசா வருசம் லட்சக்கணக்கில் ஆள் வந்து பார்த்துப் போகிறது என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே எங்கள் கரிசலும் வாயைப் பிளந்துகொண்டுதான் கிடந்தது. இறங்கும்போது என் தோளைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "சித்திரையில எங்க காட்டுக்கு வாங்க தம்பி, இதவிடப் பெரிய வெடிப்பா ஓசியிலயே காட்டுதேன்."

அருவி எந்தப் பக்கம் விழ வேண்டும்

கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. பெரிய பார்ட்டி. கடைக்காரர் எடுத்தால் பக்கத்துக் கடைகளும் எடுக்கும். ஆர்டர் ரொம்ப மந்தமாக இருந்த நேரம், எனக்கு ராத்திரி கண்ணை மூடினால் நாற்காலிதான் வந்துகொண்டிருந்தது. அவருக்கு இகுவாசு அருவி பிடித்துவிட்டது. ஒரு பக்கம் அர்ஜென்டினா, மறு பக்கம் பிரேசில், நடுவில் நுரை நுரையாகத் தண்ணீர். கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. தண்ணீர் வாசலைப் பார்த்து ஓடுகிறது. கல்லாவிலிருந்து வெளியே ஓடினால் கடை எப்படி விளங்கும் என்கிறார். எதிர்ச் சுவரில் மாட்டலாம் என்றால், அங்கே ஆளுயரக் கண்ணாடி.

"படத்தைத் திருப்பி அச்சடிச்சா என்ன?" என்று கேட்டார். தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஃபிலிமைப் புரட்டிப் போட்டால் முடிந்தது. ஆனாலும் எனக்குள் இருக்கிற சனியன் சும்மா இருக்குமா? "அண்ணாச்சி, அப்படிச் செஞ்சா அர்ஜென்டினா இருக்கிற எடத்துல பிரேசில் வந்துரும்" என்றேன். அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆர்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அவிய ரெண்டு பேரும் எடம் மாறிக்கிட்டாப் போறாவ, எனக்குத் தண்ணி கல்லாவுக்குள்ள விழணும்."

மேய்ப்பவன் இல்லாத மந்தை

எப்போதும்வென்றான் என்கிற ஊரில் ஐயாத்துரை அண்ணாச்சி புண்ணாக்கு, பருத்திக்கொட்டைக் கடை வைத்திருந்தார். கடைக்கு வருமுன் ஆட்டுக் கிடை போட்டவர். மழை பெய்த பக்கமாக ஆட்டை ஓட்டிக்கொண்டு ராமநாதபுரம் தாண்டியும் நடந்தவர். மகன்கள் சேர்ந்து கடை வைத்துக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். செரெங்கெட்டி படம் வந்ததும் ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆப்பிரிக்காவில் தான்சானியா, வெட்டவெளிப் புல்காட்டில் கண்ணுக்கெட்டிய மட்டும் கொம்பு வைத்த காட்டு மாடுகள் போய்க்கொண்டே இருக்கின்றன.

"எங்கவே போகுது இவ்வளவும்?" என்றார். மழை எங்கே பெய்கிறதோ அங்கே போகும், அங்கே காய்ந்தால் அடுத்த பக்கம், வருசம் பூராவும் இப்படிச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும் என்றேன். "மேய்க்கிற ஆளு?" ஆளே கிடையாது என்றேன். மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. நான் வந்ததிலிருந்தே ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அப்போதுதான் கவனித்தேன். அங்கே நிற்கப் பிடிக்காமல் அவசரமாக ஆர்டர் புக்கை எடுத்தேன். அவர் எடுத்தது கொஞ்சம் காலண்டர்தான். பணம் கொடுக்கும்போது சொன்னார்: "நான் இந்த ஒரு தாளை மட்டுந்தான் வே தொங்க விடுவேன், வேற மாசம் எனக்கு வேண்டாம்."

சொந்தம் கொண்டாட ஆளில்லாத மலை

தீபாவளி முடிந்தது. அச்சாபீஸ் முதலாளி ஃபோனில், "நாற்காலிக்கு மெத்தை போடவா, வேண்டாமா?" என்று கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார். கடைசி நம்பிக்கையாகக் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனேன். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவர்களிடம் சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களிலிருந்து பெண்கள் வேன் ஏறி வேலைக்கு வருவார்கள். வருசா வருசம் அத்தனை வீட்டுக்கும் ஆபீஸ் காலண்டர் போகும். முந்தின வருசம் சாமி படம் போட்டு, எங்க சாமி எங்கே என்று ஒரு ஊர் கேட்டிருக்கிறது. அதற்கு முந்தின வருசம் ஒரு தலைவர் படம் போட்டு, இன்னொரு ஊரில் வேன் கண்ணாடி போயிருக்கிறது. கொடியைப் பார்த்தாலே கல்லைத் தேடுகிற காலம் அது.

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஆல்பத்தை நகை வாங்குகிறவர் மாதிரிப் பார்த்தார். ஒரு அஸ்தமனப் படத்தில் விரலை வைத்து, "ரெண்டு கலர் ஒண்ணையொண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கி, கொடின்னுருவானுவ, மாத்தும்" என்றார். மாற்றுகிறேன் என்றேன். அடுத்து யோசெமிட்டியின் பெரிய பாறை மலை. "இது யாருக்குச் சொந்தம்?" அமெரிக்க கவர்ன்மென்ட் அண்ணாச்சி என்றேன். "நம்ம பக்கத்துல இதுக்கு வேண்டியவன், வேண்டாதவன் எவனும் உண்டா?" இல்லை என்றேன். "எந்தூர்க்காரனும் இது எங்க மலைன்னு வர மாட்டான்லா?" சத்தியமாக வர மாட்டான் என்றேன். அவர் சொன்ன எண்ணிக்கையை ரெண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டேன். அதோடு அவர் விடவில்லை, எனக்கு முன்னாலேயே ஃபோனைச் சுழற்றித் தெரிந்த மற்ற ஆபீஸ்காரர்களுக்கெல்லாம் சொன்னார்: "எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு இந்த மலையவே போடுங்கய்யா, கோவில்பட்டியில இதுக்கு ஒரு பகையாளியும் கெடையாது."

மெத்தை போட்ட நாற்காலி

ஆல்பம் ஓடியது. ஓடியது என்றால் பேப்பர் தட்டுப்பாடு வருகிற அளவுக்கு ஓடியது. பொங்கல் கழித்து முதலாளி வரச் சொன்னார். தூத்துக்குடி லைனையும் எனக்கே தரப் போகிறார் என்று மொபெட்டுக்குப் புது டயர் போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடி ரூமுக்குள் கூட்டிப்போனார். மேசை, ஃபேன், ஃபோன், பக்கத்தில் மெத்தை போட்ட சுழல் நாற்காலி. "இப்படி மூளை உள்ள ஆள இனிமே வெயில்ல விடுவனாவே? மேனேஜரா உக்காரும்" என்றார். தோற்றாலும் நாற்காலி, ஜெயித்தாலும் நாற்காலியா மொதலாளி என்று கேட்டே விட்டேன். ஜோக் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். வீட்டில் போய்ச் சொன்னபோது சண்முகத்தாய் சிரிக்கவில்லை, சந்தோசத்தில் அழுதாள். அத்தனை வருசமும் என்னைத் தேடி அழாதவள் அவள். அந்தக் கண்ணீரை மிதித்துக்கொண்டு மொபெட்டை எடுக்க எனக்குத் தெம்பில்லை. உட்கார்ந்தேன்.

அடுத்த ஆடியில் எப்போதும்வென்றானுக்கு ஆல்பம் கொண்டு போனது வேறு ஆள். அன்றைக்கே ஐயாத்துரை அண்ணாச்சி ஃபோனில் வந்தார். நீர் ஏன் வரவில்லை என்றார். சொன்னேன். செரெங்கெட்டித் தாள் இன்னும் தொங்குகிறதா என்று கேட்டேன். கல்லாப்பெட்டிக்கு மேலே அப்படியே இருக்கிறது, தேதி பார்க்கிறவர்களை அடுத்த கடைக்கு அனுப்புகிறேன் என்றார்.

"மேசைக்கு அடியில காலு ஆடுதாவே?" என்றார்.

குனிந்து பார்த்தேன். "ஆடுது அண்ணாச்சி. எப்ப நிக்கும்?"

"எனக்கே இன்னும் நிக்கலவே."

உலகத்தில் பார்க்க வேண்டிய காடுகள் அத்தனையையும் கடை கடையாகக் கொண்டுபோய் மாட்டிய நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் சிவகாசியில் ஒரு சுழல் நாற்காலி. நாள் பூராவும் சுற்றுகிறது, ஒரு அடி நகர மாட்டேன் என்கிறது.