கடைசி பேட்டரி ஸ்கூட்டர்

எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் இருக்கும். கடலூரிலிருந்து பிள்ளைகளோடு சென்னைப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போயிருந்தோம். நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டிப்போக அங்கே பேட்டரி ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். அன்று மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதன் சாவியை நான் வாங்கியபோது எனக்குப் பின்னால் ஒரு அம்மா நின்றிருந்தார். சிதம்பரம் என்று பேச்சில் தெரிந்தது. பருத்த உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய நரைத்த தலை. பேசும்போதெல்லாம் குனிந்து இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிக்கொண்டார்.

“நீ எடுத்துக்கம்மா. நான் மெதுவா நடந்து பாத்துக்கறேன்,” என்றார்.

நான் ஒரு சுற்று ஓட்டினேன். பிறகு செயற்கை அலை எழும்பும் குளத்தின் பக்கம் மரநிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் குளிப்பதைப் பார்த்தபடி சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவின் நினைப்பே எனக்கு வரவில்லை.

சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தால், அவர் வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“எங்கியும் போவலியாம்மா?”

“கொஞ்ச தூரம் போனேன், முடியல. பையன் ஆசையா லீவு போட்டுக் கூட்டியாந்தான். அவங்கிட்ட சொல்லிடாதம்மா.”

சற்று நேரத்தில் மகன் ஈரத்தலையோடு வந்தான். “எல்லாம் சுத்திப் பாத்தியாம்மா?”

“பாத்தேன்டா. அந்த அலை வருதே, அதான் ரொம்ப நல்லாருந்துது.”

அவன் முகம் மலர்ந்தது. நானும் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினேன். அந்த ஸ்கூட்டர் பகல் முழுக்க நிழலில் சும்மா நின்றதை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை.