எண்பத்து நாலு கார்களும் ஒரு கம்பும்

உலகம் உண்டான நாளிலிருந்து இன்றுவரை அதிகமான வண்டிகளை நிறுத்திக் காட்டிய மனிதப் பிறவி ஆல்டர்பெக் ஊரைச் சேர்ந்த பெரில் ஆக்ராய்ட் அம்மையார்தான். இதில் இரண்டாவது இடத்துக்குக்கூட ஆள் கிடையாது. ஒரு தடவை ராணுவ டாங்கி ஒன்று வழி தவறி எங்கள் சேப்பல் ரோட்டுக்குள் வந்துவிட்டது. பெரில் நடுரோட்டில் கம்பை ஊன்றி நின்றார். டாங்கியும் நின்றது. ஓட்டிவந்த சிப்பாயை இறங்கச் சொல்லி, அவிழ்ந்து கிடந்த அவன் பூட்ஸ் கயிற்றை முடிந்துவிட்டு, "அம்மாவ விசாரிச்சதா சொல்லு கண்ணு" என்று அனுப்பி வைத்தார். மோசே கையில் கோலோடு நின்று செங்கடலைப் பிளந்தது ஒரே ஒரு தடவை. பெரில் காலையிலும் சாயங்காலமும் பிளந்தார், இருபத்து நாலு வருஷம்.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. மஞ்சள் கோட்டு, தலையில் தொப்பி, கையில் ஆளை விட உயரமான கம்பு, கம்பின் உச்சியில் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகை. பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளை ரோடு தாண்டவிட வேண்டும். கம்பு பார்க்கக் குச்சிமிட்டாய் போலவே இருக்கும் என்பதால் ஊருக்கெல்லாம் அவர் குச்சிமிட்டாய் அம்மா. மழை இந்த ஊரில் வருவதும் போவதுமில்லை, குடியிருக்கிறது. அந்த மழையில் அவர் கன்னங்கள் ஹாம் இறைச்சித் துண்டு போலச் சிவந்திருக்கும். இருபத்து நாலு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

கம்பு மட்டும் ஒரு தடவை முறிந்தது. யாருக்கோ ஷூ கயிறு கட்டிவிடக் குனிந்தபோது கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஒரு பிள்ளை அதை எடுத்துக் குதிரை ஓட்டியதில் நடுவில் மளுக்கென்று போய்விட்டது. புதுக் கம்பு வேண்டுமானால் கவுன்சிலுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். அந்தத் தாளில் 'யாரால் சேதமானது' என்று ஒரு கட்டம் உண்டு. பெரில் அந்தக் கட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தார். தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போய், செத்துப்போன புருஷன் எர்னியின் கருவிப் பெட்டியிலிருந்து நீல டேப்பை எடுத்து, முறிந்த இடத்தில் சுற்றினார். அன்றிலிருந்து மேலதிகாரி கண்ணில் படாமலிருக்க வலது கையால் அந்த இடத்தைப் பொத்திப் பிடித்தபடியே நின்றார். நாலு வருஷம் அவர் பிடியை மாற்றவே இல்லை.

பிறகு கவுன்சில் சிக்கனம் என்று சொல்லி அந்த வேலையையே எடுத்துவிட்டது. கம்பைத் திரும்பக் கேட்கவும் யாரும் வரவில்லை. பெரில் அதை மாடிப்படிக்குக் கீழே துடைப்பங்களோடு நிறுத்திவைத்துவிட்டு, அடுத்து வந்த தேர்தலில் நின்று, அதே கவுன்சிலுக்குள் உறுப்பினராகப் போனார். திட்டக் குழுவில் போட்டார்கள். யார் வீட்டுக்கு மாடி கட்டலாம், எங்கே கடை திறக்கலாம் என்று முடிவு செய்யும் பதினோரு பேரில் ஒருவர். ஆறு வருஷம் கை தூக்கினார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியது கிடையாது. கூட்டத்தில் பேச அவருக்குப் பயம். நாற்பது டன் லாரிக்குப் பயப்படாதவர் மைக்கைக் கண்டால் வெலவெலத்துப் போவார்.

அப்போதுதான் கார் பார்க்கிங் விவகாரம் வந்தது.

ஊர்க்கோடியில் இருக்கும் பெரிய கடைக்கு எண்பத்து நாலு கார் நிற்க இடம் வேண்டுமாம். பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் புல்வெளியை வாங்கியிருந்தார்கள். கார்கள் வெளியே வரும் வழி சேப்பல் ரோட்டில், பெரில் நின்ற அதே இடத்தில். விளக்குக் கம்பங்களில் மஞ்சள் அறிவிப்பைக் கட்டினார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. கார் நிறுத்த இடமில்லாமல்தான் கடைத்தெரு செத்துக்கொண்டிருக்கிறது என்று பாதி ஊர். பிள்ளைகள் எப்படித் தாண்டுவார்கள் என்று மீதி ஊர். மீதி ஊர் பெரிலை நம்பியிருந்தது.

பெரில் வாயே திறக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. குழுவில் இருப்பவர்கள் கூட்டத்துக்கு முன்னால் 'எதிர்ப்பேன்' என்றோ 'ஆதரிப்பேன்' என்றோ சொல்லிவிட்டால் போச்சு, அந்த விஷயத்தில் ஓட்டு கிடையாது, வெளியே போக வேண்டும். முதலிலேயே முடிவு செய்துவிட்டு வந்து கேட்பதுபோல நடிக்கக் கூடாதாம். இதைப் பாடமாகவே நடத்தியிருந்தார்கள். பெரில் அந்தப் பாடத்தை வேதம் மாதிரிப் பிடித்துக்கொண்டார். மூன்று மாதம் சர்ச்சிலும் பஸ்ஸிலும் யார் கேட்டாலும் மழையைப் பற்றியே பேசினார்.

மீன் வறுவல் கடை நடத்தும் ட்ரெவர் ஒரு வெள்ளிக்கிழமை வரிசை முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தான்.

"என்ன பெரில், பெரிய கடைக்காரன் கிறிஸ்மஸுக்கு வான்கோழி அனுப்பிட்டானா? வாய் அடைச்சிருக்கே!"

"எனக்கு ஒரு மீனு, கொஞ்சம் சிப்ஸு."

"ஒரு மீனா ரெண்டா? இல்ல, அதையும் கூட்டத்துலதான் சொல்லுவியா?"

வரிசை சிரித்தது. பின்னாலிருந்து ஒரு தாய்க்காரி சொன்னாள்: "என் ரெண்டு பிள்ளையும் இந்தம்மா கையப் பிடிச்சுத் தாண்டினதுங்க. இப்பப் பாரு, கல்லு மாதிரி நிக்குறா."

பெரில் காதுவரைக்கும் சிவந்தார். "வினிகர் கொஞ்சம் கூடப் போடு ட்ரெவர்" என்றார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தார். அன்றைக்கு அவர் மீனைச் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுப் பூனைக்கு யோகம்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அதிகாரிகளின் அறிக்கை வந்தது, நூற்றுப் பத்துப் பக்கம். மற்றவர்கள் கடைசிப் பக்கத்தைப் பார்த்திருப்பார்கள். பெரில் சமையலறை மேசையில் ஸ்கேலை வைத்து வரி வரியாகப் படித்தார். நாற்பத்தேழாம் பக்கத்தில் ஸ்கேல் நின்றது. ரோட்டின் குறுக்கே கறுப்பு ரப்பர்க் குழாய் பதித்து வண்டிகளை எண்ணினார்களாம், ஓரமாக ஓர் ஆள் உட்கார்ந்து, தாண்டுகிற பிள்ளைகளை எண்ணினானாம். நாளொன்றுக்கு மூன்று பிள்ளைகள். ஆகவே ஆபத்தில்லை. பெரில் தேதியைப் பார்த்தார், அக்டோபர் கடைசி வாரம். சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

பள்ளிக்கூடத்துக்கு அந்த வாரம் லீவு.

மகா புத்திசாலிகள், பிள்ளைகள் இல்லாத வாரத்தில் பிள்ளைகளை எண்ணியிருந்தார்கள். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. பெரில் ஒரு பழைய கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையின் பின்புறத்தில் எழுதினார்: "தலைவர் அவர்களே, இந்தக் கணக்கு எடுத்த வாரம் பள்ளி விடுமுறை." ஒரே வாக்கியம். குளியலறைக் கண்ணாடி முன்னால் ஆறு நாள் அதைச் சொல்லிப் பழகினார். ஆறு வருஷத்தில் முதல் பேச்சு. அட்டையைக் கைப்பைக்குள் வைத்தார்.

கூட்டம் நடந்த அன்று காலையில் ஊரெங்கும் ஒரு நோட்டீஸ். பஸ் நிற்குமிடத்தில், மீன் கடைக் கண்ணாடியில், டவுன் ஹால் கதவிலேயே. கையால் வரைந்து நகல் எடுத்தது. மஞ்சள் கோட்டு போட்ட பெரில், கையில் கம்பு, கீழே பெரிய எழுத்தில்: 'என் பிணத்தின் மீது ஓட்டிக்கொண்டு போங்கள்! என் ஓட்டு எதிர் ஓட்டு! கவுன்சிலர் பெரில் ஆக்ராய்ட்.' யார் ஒட்டியது என்று இன்றுவரை தெரியவில்லை. யாரோ.

மத்தியானம் இரண்டு மணிக்கு பெரில் உள்ளே போனதும் சட்ட அதிகாரி மிஸ் ஃபர்னஸ் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். கையில் அந்த நோட்டீஸ். பக்கத்தில் குழுத் தலைவர் ராய்ஸ்டன்.

"கடைக்காரங்க வக்கீல் இதக் காட்டிப் புகார் குடுத்திருக்கார்" என்றார் மிஸ் ஃபர்னஸ். "இது நீங்க சொன்னதா?"

பெரில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வாயைத் திறந்தார்.

"அவசரப்படாம சொல்லுங்க" என்றார் ராய்ஸ்டன். "பெரில் இப்படிப் பேசுற ஆளே இல்லம்மா. ஆறு வருஷமா என் பக்கத்துலதான் உக்காந்திருக்கு. டீ வேணுமான்னு கேட்டாக்கூடத் தலையத்தான் ஆட்டும்."

"அப்படின்னா இது போலி. கவுன்சிலர் பேருல போலி. 'நான் சொல்லல'ன்னு நீங்க சொல்லிட்டா போதும், உக்காந்து ஓட்டுப் போடலாம். நான் போலீசுக்கு எழுதிடுவேன். யார் வரைஞ்சாங்கன்னு அவங்க கண்டுபிடிக்கட்டும். நகல் எடுத்த கடையில கேமரா இருக்கும்."

பெரில் மறுபடி படத்தைப் பார்த்தார். கோட்டு அளவு பெரிது. மூக்கு அதைவிடப் பெரிது. கம்பின் நடுவில், கைப்பிடிக்குச் சற்று மேலே, நீலப் பேனாவால் ஒரு பட்டை சுற்றியிருந்தது.

அந்தப் பட்டையை அவர் கட்டைவிரலால் மூடினார்.

"நான் சொன்னதுதான்" என்றார்.

ராய்ஸ்டன் விழித்தார். "ஏ பெரில்! என்ன சொல்ற?"

"நான்தான் சொன்னேன். ஒட்டச் சொன்னதும் நான்தான்."

"அப்படின்னா நீங்க வெளிய போகணும்" என்றார் மிஸ் ஃபர்னஸ். அவர் குரலும் இறங்கியிருந்தது. பெரில் கைப்பையைத் திறந்து வாழ்த்து அட்டையை எடுத்து, பக்கத்தில் நின்ற இன்னொரு உறுப்பினர் டென்னிஸ் க்ளெக்கிடம் நீட்டினார். மிஸ் ஃபர்னஸ் தலையசைத்தார். "அதுவும் கூடாது. ஓட்டில்லாதவங்க வேற யார் மூலமாவும் குறுக்கிடக் கூடாது."

"பொதுமக்கள் வரிசையில நின்னு பேசலாமா?"

"பேரு குடுக்குற நேரம் நேத்து மத்தியானத்தோட முடிஞ்சது."

அட்டை திரும்பவும் பைக்குள் போனது. அதில் ஒரு பனிமனிதன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கூட்ட அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. தாழ்வாரத்தில் டீ இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பெரில் அதன் வழியாகப் பார்த்தார். சத்தம் கேட்காது. தாய்மார் மூன்று நிமிஷம் பேசினார்கள். கடைத்தெருக்காரர்கள் மூன்று நிமிஷம் பேசினார்கள். பூட்டுக் கடைக்காரர் அழுதார், அவர் கடையும் பாவம். அதிகாரி எழுந்து நாற்பத்தேழாம் பக்கத்தைத் திரையில் போட்டார். மூன்று பிள்ளைகள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரிலின் உதடுகள் மட்டும் தாழ்வாரத்தில் அசைந்தன: தலைவர் அவர்களே.

கைகள் உயர்ந்தன. அனுமதிக்க ஐந்து. மறுக்க ஐந்து. நடுவில் காலி நாற்காலி. ஓட்டு சமமானால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. ராய்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், அனுமதிக்கும் பக்கம் கையைத் தூக்கினார். அதிகாரிகளே ஆபத்தில்லை என்ற பிறகு அவரும்தான் என்ன செய்வார்.

மீன் கடை வரிசை அன்று சாயங்காலம் புதுப் பாட்டுப் பாடியது. "வாய மூடிட்டு இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம். கிழவிக்குக் கடைசி நேரத்துல வீரம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு." மூன்று மாதம் பேசவில்லை என்று திட்டியவர்கள் இப்போது பேசியதற்குத் திட்டினார்கள். பெரில் வினிகர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மே மாதத் தேர்தலில் அவர் நிற்கவில்லை.

கார் பார்க்கிங் செப்டம்பரில் திறந்தது. முதல் வாரம் ஒரு பையனின் பை சக்கரத்துக்கு அடியில் போனது. பை மட்டும்தான். உள்ளே இருந்த சாண்ட்விச் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. மறுநாளிலிருந்து பெரில் அங்கே நிற்கிறார். கம்பில்லை. காரை நிறுத்த அவருக்கு இப்போது அதிகாரம் கிடையாது, ஆகவே நிறுத்துவதில்லை. அவர் பாட்டுக்கு ரோட்டைத் தாண்டுகிறார். எழுபத்து மூன்று வயது, முட்டி தேய்ந்துபோன நடை. அவரோடு நாலைந்து பிள்ளைகளும் தாண்டுகிறார்கள். பிறகு திரும்பி வருகிறார். மறுபடி போகிறார். எட்டரை மணியிலிருந்து ஒன்பது மணிவரை அப்படியே. சிலர் ஹாரன் அடிக்கிறார்கள். குளிர் வந்தால் அந்த முட்டி எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஊர்ச் செய்தித்தாளில் அவரைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட கெல்சி என்கிற பதினேழு வயதுப் பெண், தானே எழுதுவதாகக் கேட்டு வாங்கினாள். மேலே இருப்பதை எழுதி எடுத்துக்கொண்டு ஒரு காலையில் அவரிடம் காட்டப் போனாள். ஒன்பது மணியாகிவிட்டது. பெரில் நடைபாதைச் சுவரில் சாய்ந்து முட்டியைத் தேய்த்தபடி படித்தார். தாள்களில் தூறல் விழுந்தது.

"டாங்கியா?" என்றார். "அது பால் வண்டி கண்ணு."

"அது சும்மா... ஒரு இதுக்கு..."

"நான் யார்கிட்டயும் சொல்லாததெல்லாம் எழுதியிருக்க. கண்ணாடி முன்னால பேசுனது, பூனைக்கு மீன் போட்டது..."

"பக்கத்து வீட்டுல கேட்டேன். மீதிய நானா நெனச்சு எழுதினேன். தப்புன்னா அடிச்சிடுங்க."

"தப்பில்ல. ஆனா இந்த டேப்பு பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாது. நாலு வருஷம் கைய எடுக்காம மறைச்சு வச்சிருந்தேன்."

கெல்சி குனிந்து தன் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

பெரில் கோட்டுப் பையைத் துழாவி ஒரு பேனாவை எடுத்தார். தாளில் இரண்டு இடத்தில் கோடு போட்டார். ஒன்று, கம்பை முறித்த 'ஒரு பிள்ளை' என்பதன் கீழே. இன்னொன்று, நோட்டீஸ் ஒட்டிய 'யாரோ' என்பதன் கீழே.

"போலீசு இனிமே வராது. நான்தான் ஒத்துக்கிட்டேனே" என்றார். பேனாவை அவளிடம் நீட்டினார். "ரெண்டு எடத்துலயும் பேரப் போடு கண்ணு. ஒரே பேருதான?"