சுவர் இடிக்கப்படுகிறது

அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன் நான். 'மனு பரிசீலிக்கப்பட்டு வருகிறது', 'உரிய நடவடிக்கை எடுக்கப்படுகிறது' என்றெல்லாம் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. யார் தலையும் உருளாமல் இப்படி எழுத எங்கே கற்றீர்கள் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்பதுண்டு. பயிற்சி நிலையத்தில் என்று சொல்லிவைப்பேன். உண்மையில் கற்றது ஒன்பதாம் வகுப்பில், கண்டரமாணிக்கத்தில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில்.

அந்த வீட்டுக்கு அப்பா காவல்காரர். பின்கட்டில் எங்களுக்கு இரண்டு அறைகள் விட்டிருந்தார்கள். வீடு மூன்று பங்காளிகளுக்குச் சொந்தம். ஒருவர் சென்னையிலும் ஒருவர் பம்பாயிலும் ஒருவர் கோயம்புத்தூரிலும் இருந்தார்கள். மற்ற இருவரும் தனக்குத் தெரியாமல் தேக்குத் தூண்களைப் பெயர்த்து விற்றுவிடுவார்கள் என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே கருத்து.

மாதம் ஒரு முறை வீட்டின் நிலவரத்தை மூவருக்கும் கடிதமாக எழுத வேண்டும். பம்பாய்க்காரர் அங்கேயே வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. அவருக்கு மட்டும் ஆங்கிலத்தில் எழுதினால் அதில் தனியாக ஏதோ சேதி போகிறது என்று மற்ற இருவரும் நினைப்பார்கள். ஆகவே மூவருக்கும் ஆங்கிலத்தில், கார்பன் தாள் வைத்து ஒரே கடிதம். மூன்றாவது படி மங்கலாக இருக்கிறது என்று கோயம்புத்தூர்க்காரர் கார்டு போட்டதால், முதல் படி மாதம் ஒருவருக்கு என்று சுழற்சி முறை வந்தது. கடிதம் ஒரு பக்கம் நிறைய வேண்டும் என்பது சென்னைக்காரரின் உத்தரவு. அரைப் பக்கத்துக்கு எதற்குத் தபால்தலை என்று கேட்டிருந்தார்.

அப்பா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். 'நான் அறைகளைப் பெருக்குகிறேன். நான் தூண்களுக்கு எண்ணெய் போடுகிறேன்.' இப்படி ஒரு பக்கம்.

அந்த ஆண்டு ஆடி மாதம், ஓடு மாற்ற ஏறிய அப்பா வழுக்கி விழுந்ததில் கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது. மாவுக்கட்டுப் போட்டுப் பின்கட்டில் படுக்க வைத்தோம். எங்களுக்கு முன்பு இருந்த காவல்காரருக்கு இளைப்பு நோய் வந்தபோது ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அது அப்பாவுக்கு நன்றாக நினைவிருந்தது.

"கால் ஒடிஞ்சதை எழுதாதடா" என்றார். "நான் பெருக்குறேன்னும் எழுதாத. பொய் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன்."

அதே வாரம்தான் பள்ளியில் பாசிவ் வாய்ஸ் நடத்தியிருந்தார்கள். ரூம்ஸ் ஆர் ஸ்வெப்ட். அறைகள் பெருக்கப்படுகின்றன. எழுதிப் பொருளும் சொன்னேன். அப்பா மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். வலியோடு சிரித்தார். அதற்குப் பிறகு எந்த மேலதிகாரியும் என் எழுத்தை அவ்வளவு மனமுவந்து பாராட்டியதில்லை.

பெருக்கியது அம்மா. எண்ணெய் போட்டது, விளக்கு ஏற்றியது, வௌவால் விரட்டியது எல்லாம் அம்மா. தரை வேலை எதுவும் அவளுக்குப் பெரிதில்லை. ஏணிதான் ஆகாது. முற்றத்தைச் சுற்றிலும் கூரைத் தண்ணீர் விழும் தகர வாரியில் இலையும் குச்சியும் அடைத்துக்கொள்ளும். ஏணியில் ஏறித்தான் அள்ள வேண்டும். நான் அடியில் பிடித்துக்கொள்வேன். புரட்டாசியில் ஒரு படி முறிந்து, வாரியைப் பிடித்துத் தொங்கினாள். இறங்கியதும் அப்பாவிடம் போய், "எழுதிப்புடுவோம். ஏணி வேலைக்காச்சும் ஒரு ஆளு வைக்கட்டும்" என்றாள்.

"ஆளு வச்சா அவன் போதும்னு நம்மள அனுப்பிருவாக" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

உறையை ஒட்டுவது அம்மாவின் வேலை. சோற்றுப் பருக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒட்டுமுன் கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்வாள். பெருக்கப்படுகிறது, ஏற்றப்படுகிறது, விரட்டப்படுகிறது என்று நான் அடுக்குவதைக் கேட்டுவிட்டு, "நல்ல வீடுடா இது. தன்னைத்தானே பெருக்கிக்கிருது" என்பாள்.

என் சிக்கல் வேறு. இருந்த செய்திக்கு முக்கால் பக்கம்தான் வந்தது. மீதியை இலக்கணப் புத்தகத்தின் பயிற்சியிலிருந்து எடுத்து நிரப்பினேன். 'சூரியன் மேகங்களால் மறைக்கப்படுகிறது' என்று ஒரு மாதம் எழுதினேன். 'தோட்டத்தில் பறவைகள் காணப்படுகின்றன' என்று அடுத்த மாதம். யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசி வரிவரை எவரும் படிப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஐப்பசியில், இப்போது நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் 'இஸ் பீயிங்' பாடம் வந்திருந்தது. அதைக் காட்டிக்கொள்ளும் ஆசையில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். தி ஓல்ட் வால் இஸ் பீயிங் புல்ட் டவுன். பழைய சுவர் இடிக்கப்படுகிறது.

அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. அம்மாவிடம் வழக்கம்போல் எல்லாவற்றையும் சொன்னேன். பருக்கையை நசுக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"எந்தச் சுவருடா?"

"எந்தச் சுவருமில்ல. புத்தகத்துல உள்ளது. பக்கம் நிறையணும்ல."

"யாரு இடிக்கிறதா எழுதியிருக்க?"

"யாருன்னு இல்ல."

சற்று நேரம் கடிதத்தையே பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. "சரி, மடிச்சுக் குடு" என்று மூன்று உறைகளையும் ஒட்டினாள். தபால்பெட்டியில் தானே போட்டுவிட்டு வந்தாள்.

எட்டாம் நாள் காலையில் வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு வண்டி. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏணியை எடுத்துட்டு வந்து பிடி" என்றாள். முதல் கட்டு முற்றத்தில் அவள் ஏற, நான் பிடித்துக்கொண்டேன். காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த வாசல்கதவு வழியே பேச்சு உள்ளே வந்தது.

"இடிக்கிறதுன்னா ஒரு வார்த்தை கேக்க வேணாமாண்ணே?" இது கோயம்புத்தூர்க்காரர்.

"நானா இடிக்கிறேன்? ஆளு விட்டது நீ. கையும் களவுமா மாட்டிக்கிட்டு என்னையக் கேக்குறியா?" இது சென்னைக்காரர்.

"பம்பாய்லேர்ந்து எனக்குத் தந்தி வந்திருக்கு, சுவரை நிறுத்துன்னு."

"எனக்கும்தான் வந்துச்சு!"

இப்படியே கத்திக்கொண்டு இருவரும் உள்ளே வந்தார்கள். பின்னால் சென்னைக்காரரின் மனைவியான ஆச்சி. ஒவ்வொரு சுவராகப் பார்த்தார்கள். எல்லாச் சுவர்களும் நின்றுகொண்டிருந்தன. அதன் பிறகுதான் அண்ணாந்து பார்த்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாரிக்குள் கையை விட்டபடி அம்மா நின்றாள்.

"நீ என்னம்மா மேல? ஒங்க வீட்டுக்காரர் எங்க?" என்றார் சென்னைக்காரர்.

"படுத்திருக்காக ஐயா. கால் ஒடிஞ்சு நாலு மாசமாச்சு."

"நாலு மாசமா? அப்ப வேலையெல்லாம்?"

"வேலையெல்லாம் நடக்குதே. கடுதாசில வந்துச்சுல்ல?"

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் வந்து கும்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும், எல்லாம் முடிந்தது, சாமான் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அதற்குள் விசாரணை, கடிதத்தை எழுதிய என் பக்கம் திரும்பிவிட்டது.

"எந்தச் சுவரைடா இடிக்கிறாக?"

"பயிற்சி எட்டு, நாலாவது வாக்கியம்" என்றேன்.

ஆச்சிதான் முதலில் சிரித்தார்கள். பிறகு குனிந்து தரையை விரலால் தடவி, விரலைத் தம் கணவரிடம் நீட்டினார்கள். தூசி இல்லை.

"கால் ஒடிஞ்சது அவுகளுக்கு. வீட்டுக்கு ஒண்ணும் ஒடியலையே. இவுகளை அனுப்பிட்டு வேற ஆளை வச்சா தரை இப்படி இருக்குமா? ஏணி வேலைக்கு மட்டும் ஒருத்தனைப் போடுங்க. பொம்பளை விழுந்து செத்தா யாரு பதில் சொல்றது?"

பங்காளிகள் இருவரும் சரியென்றார்கள். பல ஆண்டுகளில் அவர்கள் ஒத்துப்போன ஒரே தீர்மானம் அதுதான். சாயங்காலமே ஏணி வேலைக்கு உள்ளூரில் ஒருவர் பேசி முடிக்கப்பட்டார். அப்பாவின் வேலை தப்பியது. சென்னைக்காரர் கிளம்பும்போது, இனிமேல் யார் செய்தது என்றும் சேர்த்து எழுது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டிகள் போனதும் அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு ஓங்கி ஓர் அறை விட்டார். அம்மா தடுக்கவில்லை. ஆனால் அன்று இரவு என் தட்டில் இரண்டு முட்டை இருந்தது. அடி வாங்கியதற்கு ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன்.

மொட்டைக் கடிதங்களைக் கையாள்வதற்கு அலுவலகத்தில் விதிகள் உண்டு. எழுதியவர் யார் என்று தேட வேண்டியதில்லை. அந்தக் கடிதத்தால் யாருக்குப் பலன் என்று பார்த்தால் போதும். இதை நான் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொந்த வீட்டுக் கோப்பில் பார்க்கத் தோன்ற வெகுகாலம் ஆயிற்று.

அந்தக் காலையில் அம்மா கைவிட்டு அள்ளிய வாரியில் ஓர் இலைகூட இல்லை. முந்தின நாள் மாலைதான் அது சுத்தம் செய்யப்பட்டிருந்தது. அன்றும் ஏணியைப் பிடித்திருந்தவன் நான்தான். பாவம், பயத்தில் அம்மாவுக்கு மறந்துவிட்டது என்று அப்போது நினைத்துக்கொண்டு, ஏணியை இன்னும் கெட்டியாகப் பிடித்தேன்.