மோப்பமும் நாற்பது பலூன்களும்

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் மோப்பம். இருபது வருடம் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காகக் கேஸ் எங்கே கசிகிறது என்று தேடித் தேடி, கடைசியில் சூரியனைப் போல எரிய வேண்டிய இயந்திரம் ஒன்றில் ஓட்டை தேடும் உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் பால் அடிப்பிடித்தால் அவர் மூக்குக்குத் தெரியாது. மோப்பமெல்லாம் கையிலிருக்கும் குழாய்க்குத்தான்.

அணு விஷயத்தில் குடும்பத்தில் இரண்டு கட்சி. மனைவியின் அண்ணன் அணுமின் நிலையத்தில் ஆபரேட்டர். அது பிளக்கிற கட்சி. யுரேனியம் போன்ற கனத்த அணுவின் கருவில் ஒரு நியூட்ரான் மோதினால், கரு இரண்டாக உடைகிறது. வெப்பம் வருகிறது. கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்கள் கிளம்பிப்போய்ப் பக்கத்துக் கருக்களை உடைக்கின்றன. அலுவலகத்தில் வதந்தி பரவுகிற அதே வழிதான். நடுவில் தண்டுகளை இறக்கி நியூட்ரான்களை விழுங்க வைத்தால் அடங்கும். அந்த வெப்பத்தில் தண்ணீர் கொதித்து, ஆவி டர்பைனைச் சுற்ற, மின்சாரம் பிறக்கிறது. இவ்வளவு பெரிய விஞ்ஞானமும் வெந்நீர் போடுவதில்தான் முடிகிறது என்பதை மச்சான் வெளியே சொல்வதில்லை.

மோப்பம் சேர்க்கிற கட்சி. ஹைட்ரஜனின் லேசான கருக்கள் இரண்டை ஒட்ட வைத்தால் ஹீலியம் ஆகும். அப்போது காணாமல் போகும் துளி எடை ஆற்றலாக வெளிவரும். ஆனால் அந்தக் கருக்களுக்கு ஒன்றையொன்று கண்டாலே ஆகாது. பத்துக் கோடி டிகிரிக்கு மேல் சூடேற்றி, காந்தத்தால் வளைத்துப் பிடித்து, சுவரில் படாமல் அந்தரத்தில் நிறுத்தினால்தான் மனசு இளகும். அப்போதும் ஊசிமுனை ஓட்டை வழியாகக் கொஞ்சம் காற்று நுழைந்தால் போதும், அத்தனை சூட்டுக்கும் ஜலதோஷம் பிடித்து அணைந்துவிடும்.

"என்ன மாப்ளே, உங்க சூரியன் இந்த வருஷமாவது உதிக்குமா?" என்பார் மச்சான், ஞாயிறு சாப்பாட்டில்.

"உதிக்கும் மச்சான்."

"எங்க கரன்ட்ட வாங்கித்தானே பத்த வைக்கப் போறீங்க? வாங்கினதையாவது திருப்பிக் குடுங்கப்பா."

"எங்களது அணைச்சா அணைஞ்சிரும். உங்களது அணைச்சப்புறமும் கொதிச்சிட்டே இருக்கும். சாம்பலுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் காவல் வேற."

"ரெண்டு பேரும் முதல்ல வாயை அணைச்சிட்டு சாப்பிடுங்க" என்பாள் மோப்பத்தின் மனைவி.

அந்த வாரம் மட்டும் மோப்பத்துக்குச் சிரிப்பு வரவில்லை. டைரக்டர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "வெள்ளிக்கிழமை விருந்தாளிங்க வர்றாங்க. வியாழக்கிழமைக்குள்ள ஓட்டை இல்லைன்னு கையெழுத்துப் போடணும். இல்லைன்னா கலத்தைப் பிரிக்கணும், மூணு மாசம் போயிரும். அப்புறம் உங்க வேலைய வெளிக் கம்பெனிக்குக் குடுத்துருவாங்க. என்னால தடுக்க முடியாது."

முறை எளிது. டயர் டியூப் போல வளைந்த அந்த எஃகுக் கலத்துக்குள் ஹீலியத்தை நிரப்புவது. வெளியே ஒவ்வோர் இணைப்பின் மேலும் மோப்பக் குழாயை நகர்த்துவது. எந்தச் சந்திலும் நுழைந்து வரக்கூடிய வாயு அது. கசிந்தால் மீட்டர் கீச்சிடும்.

புதன் வரை மீட்டர் ஊமை. மிச்சம் நாற்பத்தெட்டு இணைப்புகள். வியாழன் மதியம் கீச்சிட்டது. அடுத்த இணைப்பிலும் கீச்சிட்டது. சந்தேகப்பட்டுக் கான்கிரீட் தூணில் வைத்தார், தூண் கசிந்தது. தன் சட்டைப் பையில் வைத்தார், அதுவும் கசிந்தது.

"பிரிச்சிரலாமா?" என்றார் டைரக்டர்.

"ஃப்ரிட்ஜ் கசிஞ்சா ஒரு இடத்துலதான் சார் கசியும். தூண் எப்படி சார் கசியும்? அரை மணி நேரம் குடுங்க."

மோப்பம் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டினார். கீச்சொலி எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் நடந்தார். நாற்காலி முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்த கதவு, நடைவழி, வரவேற்புக் கூடம். பின்னாலேயே டைரக்டர். கூடத்தின் கூரையில் நாற்பது பலூன்கள் முட்டிக்கொண்டிருந்தன. அலுவலக மேலாளர் அம்மா ஸ்டூலில் ஏறி நாற்பத்தொன்றாவதைக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே மோப்பத்தின் ஸ்டோர் சீட்டு ஒட்டிய ஹீலியம் சிலிண்டர்.

"யாரும்மா இதைக் குடுத்தது?"

"நீங்கதான் அண்ணே! ‘வரவேற்புக்கு ஒண்ணு’ன்னு எழுதி நீட்டினேன், படிக்காமலே கையெழுத்துப் போட்டீங்க. சும்மா காத்தடைச்சா தொங்குமாம். மேல பறக்கணும்னு டைரக்டர் சொன்னாரு."

டைரக்டர் கூரையைப் பார்த்தார். என்றைக்காவது ஹீலியம் உண்டாக்கிக் காட்டுவதற்காகக் கட்டிய இயந்திரத்துக்கு, அதையே முன்கூட்டி ஊதி வரவேற்பு.

பலூன்கள் வெளியேறின. காற்றுப்போக்கிகள் ஒரு மணி நேரம் ஓடின. மீட்டர் மறுபடி ஊமை. நாற்பத்தெட்டையும் முடித்துவிட்டு மோப்பம் பதிவேட்டில் எழுதினார்: "ஓட்டை இல்லை. மதியம் கீச்சிட்டதற்குக் காரணம் நான்." டைரக்டர் வாங்கிப் படித்தார். கொஞ்ச நேரம் பேனாவைத் திருகினார். கீழே "நானும்" என்று எழுதினார். இந்த முறை இருவரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். வெளிக் கம்பெனி பற்றிய பேச்சு அதோடு நின்றது.

அடுத்த மாதம் இயந்திரம் முதல் முறை ஒளிர்ந்தது. மூன்று வினாடி. மச்சான் போன் செய்தார்.

"மூணு செகண்டா? நான் தும்முறதுக்கே அதைவிட நேரமாகும் மாப்ளே."

"ஆமா மச்சான்."

"ஓட்டை எதுவும் இல்லையே?"

"இல்ல."

"அப்ப ஞாயித்துக்கிழமை அந்தக் குழாயோட வீட்டுக்கு வாங்களேன். குக்கர்ல ஆவி பக்கவாட்டுல போகுது. உங்க தங்கச்சி என்னைத் திட்டுறா."