நான்காவது எலுமிச்சம்பழம்

எங்கள் கார் ஈரோட்டுக்குக் கிளம்பிய அந்தக் காலையில், நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. எனக்கு ஒன்பது வயது. அவசரத்தில் நான்காவதை உருண்டுவிடாதபடி சரியாக அண்டக்கொடுத்து வைக்கவில்லை. அன்று நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம் என்று வெகுகாலம் நம்பினேன்.

கார் அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் செய்யப்பட்டது. கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். அப்பா பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தார். உலகத்தில் எது உடைந்தாலும் கடைந்து செய்துகொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

முந்தைய மே மாதம் ஊட்டிக்குக் கிளம்பும்போது அம்மா கேட்டாள்.

"பிரேக்க மெக்கானிக் பாய்கிட்ட காட்டுனீங்களா?"

"காட்டியாச்சு. ஒண்ணுமில்லைன்னுட்டாரு."

திரும்பும் வழியில், குன்னூர் தாண்டி இறங்கும்போது கருகல் வாசனை வந்தது. அடுத்த வளைவில் பிரேக் பெடல் தரைவரைக்கும் போய்விட்டது. அப்பா கியரைக் குறைத்து, மலைப்பக்கத்து ஓடையில் சக்கரங்களை இறக்கி, மண் திட்டில் உரசவிட்டு நிறுத்தினார். அம்மாவின் மடியிலிருந்த தம்பி முன்சீட்டில் மோதினான். மேலுதட்டில் மூன்று தையல்.

ஆஸ்பத்திரியிலும், வீட்டிலும், விசாரிக்க வந்த அத்தனை பேரிடமும் அப்பா ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "திடீர்னு போயிருச்சுங்க. முன்னாடியே யாருக்குத் தெரியும்?"

அம்மா சண்டை போடவில்லை. காரில் ஏறுவதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். போத்தனூரில் ஒரு புதுமனை புகுவிழாவுக்கு எங்கள் இருவரையும் டவுன் பஸ்ஸில் கூட்டிப்போனாள். அப்பா காலிக் காரை ஓட்டிக்கொண்டு அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தார். பஸ் நிற்கும் இடமெல்லாம் காரும் நின்றது. நானும் தம்பியும் பின்கண்ணாடி வழியாகக் கையசைத்தோம். அம்மா திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அப்பா பிரேக்கை மாற்ற முடிவு செய்தார். பழைய பிரேக் மூடிய டிரம்முக்குள் இருப்பது. மலையிறக்கத்தில் சூடேறினால் ஆற வழியில்லை. புதுக் கார்களைப் போல, திறந்த தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கை முன்சக்கரங்களில் மாட்டினால் கார் எங்கேயும் நிற்கும். உக்கடத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பாய், உடைப்புக்கு வந்த ஒரு புதுக் காரிலிருந்து தட்டுகளும் கவ்விகளும் வாங்கிக் கொடுத்தார். எங்கள் காருக்கு அவை பொருந்தவில்லை. அப்பா இடையில் வைக்க இரும்புத் துண்டுகளைத் தானே கடைந்தார். நான்கு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், கார் முன்சக்கரங்கள் இல்லாமல் கட்டைகள் மேல் நின்றது. அம்மா அப்பாவுக்கும் பாய்க்கும் டீ கொடுத்தாள். எட்டிப் பார்க்கவில்லை.

மாட்டி முடித்து ஓட்டிப் பார்த்த அன்று, தெருமுனைக்குப் போவதற்குள் சக்கரங்கள் இறுகிப் புகைந்தன. ஆறும்வரை கார் அசையவில்லை. மாமா, அம்மாவின் அண்ணன், வேட்டியை மடித்துக் கட்டியபடி சுற்றி வந்து பார்த்தார்.

"நிக்காத வண்டிய நகராத வண்டியா ஆக்கிப்போட்டீங்களே மாப்ள!"

பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டுவைத்ததுதான் தப்பு. அதற்குள் டிரம்முக்கென்று இருந்த சின்ன வால்வு, பிரேக் ஆயிலை முழுவதும் திரும்பவிடாமல் பிடித்து வைத்திருந்தது. பாய் அதைக் கண்டுபிடித்துக் கழற்ற இன்னும் இரண்டு ஞாயிறு ஆனது.

பிறகு ஈரோட்டில் பெரியம்மா மகள் கல்யாணம் வந்தது. அன்று காலை அப்பா தெருவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மாமா பட்டு வேட்டியோடு அந்தக் கோட்டின் மேல் போய் நின்றார்.

"இன்சூரன்ஸ் கட்டியிருக்கனுங்க, தாராளமா வாங்க!"

கார் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. தெருமுனையில் திரும்பி வேகமாக வந்தது. மாமா தாவி ஒதுங்கினார். முன்சக்கரங்கள் கோட்டைத் தொடும் இடத்தில் கார் குலுங்காமல் நின்றது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பின்கதவைத் திறந்து, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வழியனுப்ப வந்திருந்த பாய்க்கு அப்படியொரு சந்தோஷம். கையைத் துடைத்துக்கொண்டே அம்மாவின் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"இனிப் பயமே வேண்டாங்க்கா. அன்னைக்கே சொன்னனுங்க, பிரேக் லைனிங் தேஞ்சிருச்சு, மலைக்கு மட்டும் எடுத்துட்டுப் போயிராதீங்கன்னு. சார்தான், போய்ட்டு வந்து பாத்துக்கலாம்னுட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார்.

"எப்பங்க சொன்னீங்க?" என்றாள் அம்மா.

"நீங்க ஊட்டிக்குக் கெளம்புறதுக்கு மொத நாளுங்க்கா."

அம்மா கதவைத் திறந்து இறங்கினாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நாங்க பஸ்ல வாரோம்" என்று அண்ணனிடம் சொன்னாள்.

"ஏன் அம்மணி, கோட்டுமேல நின்னதை நீயே பாத்தியே?" என்று கேட்டுக்கொண்டே மாமா அவள் பின்னால் போனார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கார் நின்றது. எல்லோரும் பார்த்தோம். பாய் நல்ல வார்த்தைதான் சொன்னார். பிறகு ஏன் இறங்க வேண்டும்? வாசல் பக்கம் திரும்பியபோதுதான் காரணம் கண்ணில் பட்டது. சாக்கடை ஓரத்தில் நான்காவது எலுமிச்சம்பழம் ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நான்தாம்ப்பா தப்பா வெச்சுட்டேன். அதனாலதான் அம்மா எறங்கிட்டாங்க."

அப்பா பழத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"இப்ப வெய்யி கண்ணு" என்றார்.

இந்த முறை இரண்டு பக்கமும் கல் வைத்து அண்டக்கொடுத்தேன். கார் மெல்ல ஏறி இறங்கியது. பழம் கூழானது. நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

அவிநாசி ரோட்டில் பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். அது நின்ற இடமெல்லாம் நாங்களும் நின்றோம். ஒவ்வொரு முறையும் கார் அலுங்காமல் நின்றது. தம்பி பின்கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கையசைத்தான். அவனுக்குப் பக்கத்தில் அம்மாவின் கொண்டையும் மல்லிகைப்பூவும் மட்டும் தெரிந்தன. அடுத்த நிறுத்தத்தில் அவள் இறங்கி வந்துவிடுவாள் என்று பெருந்துறை வரைக்கும் எதிர்பார்த்தேன். வரவில்லை. நல்ல நேரம் முடிந்த பிறகு பழத்தை நசுக்கினால் பலிக்காது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.